பதினாலாம் துண்டின் குறைகள்

நெவிலுக்குப் பொய் சொல்ல வராது என்று ஹாதர்பெக் ஊரே சொல்லும். அது உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஒரு காரியத்தைக் கெடுக்கத் தெரிந்தவருக்குப் பொய் எதற்கு?

ஊருக்கு வடக்கே, தேவாலயத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவில், ஊர் மன்றம் வாடகைக்கு விடும் காய்கறித் தோட்டங்கள் இருபத்திரண்டு துண்டுகளாகக் கிடந்தன. பதின்மூன்றாவது துண்டு நெவிலுடையது. பதினாலாவது போன இலையுதிர்காலத்திலிருந்து காலி. அதை வைத்திருந்த ஆர்ச்சிக்கு முழங்கால் இரண்டும் போய்விட, கடற்கரை ஊரில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்ந்துவிட்டார். துண்டு வேண்டுமென்று பெயர் எழுதிவைத்துவிட்டு நாலைந்து வருடம் காத்திருக்கும் ஊர் அது. ஆனாலும் பதினாலாம் துண்டு பத்து மாதமாக யாருக்கும் போகவில்லை. வந்து பார்த்த மூன்று பேரும் ஓடிப்போனார்கள்.

முதலில் வந்தது ஒரு இளம் ஜோடி. நெவில் மண்வெட்டியை ஊன்றி, குதிரைவால் களையின் வேரை ஒரு முழம் தோண்டிக் காட்டினார். அப்போதே அவர்கள் முகம் சுருங்கிவிட்டது. இரண்டாவதாக ஒரு பள்ளிக்கூட டீச்சர். மண்ணுக்கடியில் கிடந்த பழைய கம்பளத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவது ஒரு ரொட்டிக் கடைக்காரர். குழாய் எங்கே என்று கேட்டார். நெவில் அவரைக் குழாய் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய், திரும்பவும் நடத்திக் கூட்டிவந்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

சொன்ன ஒவ்வொரு குறையும் உண்மை. "நல்ல மனுஷன்யா, உள்ளதை உள்ளபடி சொல்றாரு" என்று அந்த மூன்று பேருமே வெளியே போய்ச் சொன்னார்கள்.

நெவில் சொல்லாமல் விட்ட குறை ஒன்றே ஒன்று. பதினாலாம் துண்டில் மூன்றடி அகலத்துக்கு நிலத்தைக் காணவில்லை. அது நெவிலிடம் இருந்தது.

திருட வேண்டுமென்று அவர் தொடங்கவில்லை. இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு புல் பாதை. ஒவ்வொரு வசந்தத்திலும் அதன் ஓரத்தை மண்வெட்டியால் நேராக வெட்டிவிடுவது வழக்கம். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் அப்படி வெட்டும்போது ஓர் அங்குலம் அந்தப் பக்கம் தள்ளிப்போய்விட்டது. வெட்டிய புல்கட்டியைப் பாதையின் மறு ஓரத்தில் பதித்தார். ஆர்ச்சிக்குக் கண் மங்கல், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை நாலு அங்குலம். அதற்கடுத்த வசந்தம் ஆர்ச்சி மருத்துவமனையில் இருந்தார். அந்த ஒரு வாரத்தில் பாதை இரண்டடிக்கு மேல் நகர்ந்தது. எறும்பு ஊரக் கல்லே தேயும்போது புல் பாதை நகராதா என்ன.

கிடைத்த மூன்றடியில் நெவில் மூன்று சீமை நெல்லிச் செடிகளை நட்டார். அங்கேதான் வினை பிடித்தது.

ஹாதர்பெக்கில் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை சீமை நெல்லிப் போட்டி நடக்கும். ஊர்க் கூடத்தில் தங்கத்தை நிறுப்பதுபோல் தராசு வைத்து, ஒற்றைக் காயை நிறுப்பார்கள். கோழிமுட்டை அளவுக் காய் வந்தால் கூட்டம் மூச்சு விடாது. ஜெயித்தவர் பெயர் கூடத்துப் பலகையில் ஏறும். நெவில் ஏழு வருடமாக இரண்டாம் இடம். முதலிடம் எப்போதும் டெஸ்மண்டுக்கு. ஒரு வருடம் வித்தியாசம் அரை நெல்மணி எடை. அந்த இரவு நெவில் சாப்பிடவில்லை.

இந்த வருடம் மூன்றாவது செடியில் மற்ற காயையெல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு ஒரே ஒரு காயை விட்டிருந்தார். மஞ்சள் காய், மெல்லிய தோல், உள்ளே நரம்பு தெரியும். அதன் நுனி நனைந்துகொண்டே இருக்கும்படி அடியில் ஒரு சாஸரில் தண்ணீர். மேலே குடை. வெயிலில் வாடிய காய்மேல் திடீரென்று மழை பெய்தால் ஒரேயடியாகத் தண்ணீரைக் குடித்து வெடித்துவிடும், அதற்காகத்தான் குடை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை அந்தப் போட்டியில் வருடா வருடம் யாருக்காவது நடக்கும்.

"காய்க்குக் குடை பிடிக்கிறீங்க," என்பாள் மனைவி ஷீலா. "நாப்பது வருஷத்துல எனக்கு ஒரு நாள் பிடிச்சிருக்கீங்களா?"

"நீ என்ன வெடிச்சிடுவியா?"

"வெடிப்பேன். வேற மாதிரி."

நெவிலின் கணக்கு எளிமையானது. போட்டி முடியும் வரைக்கும் பக்கத்துத் துண்டுக்கு ஆள் வரக்கூடாது. வந்தால் அளப்பார்கள். அளந்தால் செடி போய்விடும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின் செடியைப் பெயர்த்துத் தன் பக்கம் வைத்துவிட்டால், பாதையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடலாம். போன குளிர்காலமே செய்திருக்கலாம். பெயர்த்துவைத்த செடி இரண்டு மூன்று வருடம் நல்ல காய் தராது என்பதால் செய்யவில்லை. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், காலண்டரும் அறியாது.

போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது, ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தோட்டச் செயலாளர் க்ளைவ் ஒரு அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அறுபது தாண்டிய உருவம், குட்டையான தலைமுடி, காதுக்குப் பின்னால் பென்சில், கையில் மடக்குக் குடை. பெயர் ஐரீன். காத்திருப்போர் பட்டியலில் நாலு வருடமாக இருக்கிறாள். போன வருடம் வேறொரு துண்டை வேண்டாமென்று விட்டுவிட்டாள். இதையும் விட்டால் விதிப்படி பட்டியலின் கடைசிக்குப் போக வேண்டியதுதான்.

"இதான் நெவில், பக்கத்துத் துண்டு," என்றார் க்ளைவ். "இந்த மண்ணைப் பத்தி என்ன கேக்கணுமோ இவர்கிட்டக் கேளுங்க. ஒளிக்க மாட்டாரு."

"வாங்கம்மா," என்றார் நெவில். "பாத்து வாங்க, அங்க ஒரு பள்ளம் இருக்கு. அதையும் எழுதிக்குங்க."

ஐரீன் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தாள். பள்ளத்தை நிஜமாகவே எழுதிக்கொண்டாள்.

நெவில் மண்வெட்டியை எடுத்தார். வழக்கமான இடத்தில் வழக்கமான தோண்டல். "இது குதிரைவால். மேல பாத்தா பச்சைப்புள்ள மாதிரி சாதுவா இருக்கும். வேர் எங்க போவுதுன்னு அதுக்கே தெரியாது. இடுப்பளவு தோண்டிப் பாத்துட்டேன், அதுக்கும் கீழ போயிட்டே இருக்கு. ஒரு துணுக்கு விட்டாலும் திரும்பி வரும்."

ஐரீன் வேரை வாங்கிப் பார்த்தாள். "என் மாமியார் வீட்டு சனம் மாதிரி. நாப்பது வருஷம் சமாளிச்சாச்சு." அட்டையில் ஒரு கோடு போட்டாள்.

க்ளைவ் சிரித்தார். நெவிலும் கொஞ்சம் சிரித்தார், மரியாதைக்கு.

"தண்ணிக் குழாய் அதோ, அந்தக் கோடியில. அறுபத்தெட்டு தப்படி. நான் எண்ணியிருக்கேன். வாளியோட வரும்போது நூறு மாதிரி இருக்கும்."

"முப்பத்தோரு வருஷம் கம்பளக் கடையில இருந்தவ நான். சுருட்டின கம்பளத்துக்கு ஒரு முனையில நான், மறு முனையில ஒரு பையன், மூணு மாடி ஏறியிருக்கோம். வாளி என்ன பண்ணிடும்." இன்னொரு கோடு.

"கீழ்ப்பக்கம் பனி தேங்கும். மே கடைசியில கூட உருளைக்கிழங்கு இலையெல்லாம் கருகிக் கிடக்கும்."

"அப்ப அங்க கோஸ் போட்டுடுறேன். கோஸுக்குப் பனி பட்டாத்தானே ருசி."

"கோஸா?" நெவில் குரலைத் தாழ்த்தினார். சாவு செய்தி சொல்லும் குரல் அது. "இந்த மண்ணுல வேர்வீக்கம் இருக்கும்மா. ஆர்ச்சி போட்ட கோஸெல்லாம் அடியில முடிச்சு முடிச்சா வந்துச்சு."

"சுண்ணாம்பு போட்டாரா?"

"இல்ல."

"நான் போடுறேன்."

நெவிலுக்கு நெற்றியில் லேசாக வியர்த்தது. இந்தப் பெண்பிள்ளை டீச்சர் ரகம் இல்லை. இனிமேல் பிரம்மாஸ்திரம்தான். மேல்கோடிக்குக் கூட்டிப்போய், புல்லை மண்வெட்டியால் தூக்கிப் புரட்டினார். கீழே கம்பளம். களை வராமலிருக்க ஆர்ச்சி எப்போதோ விரித்தது. களை அதைத் துளைத்துக்கொண்டு வந்து, வேரும் நூலுமாகப் பின்னிக்கிடந்தது.

"இது இந்தக் கோடியில பாதிக்கு ஓடுது," என்றார் நெவில். இதைச் சொல்லும்போது அவருக்கு எப்போதும் ஒரு நிம்மதி வரும். "பிச்சு எடுக்கிறதுக்கே ஒரு வருஷம் வேணும்."

ஐரீன் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மண்ணைத் துடைத்தாள். ஒரு முனையைப் பிரித்து விரலால் தேய்த்தாள், மோந்தும் பார்த்தாள். அவள் முகம் மாறியது. அழப்போகிறாள் என்று நெவில் நினைத்தார்.

"சிவப்புல மஞ்சள் இலை," என்றாள் ஐரீன். "எழுபத்திநாலுல வந்த சரக்கு. ஆர்ச்சின்னா மில் தெரு ஆர்ச்சிதானே? அவங்க வீட்டு முன்னறை. பன்னெண்டுக்குப் பதினாலு. நான் வேலைக்குச் சேர்ந்து முதமுதல்ல அளந்த வீடு அது." மறுபடி தடவினாள். "சுத்தமான கம்பளி, அடியில சணல். இது மக்கும். பாதி மக்கிடுச்சு. நைலானா இருந்திருந்தா நானே இப்படியே திரும்பிப் போயிருப்பேன்."

அவள் கோடு போட்ட சத்தம் நெவில் காதில் விழுந்தது.

எழுந்து நின்று, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, ஐரீன் துண்டை ஒரு தரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். "இடம் கொஞ்சம் ஒல்லியா இருக்கே," என்றாள். கோட்டுப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். நெவில் மண்வெட்டியைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். க்ளைவ் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, ஐரீன் குறுக்கே நடந்தாள்.

"இருபத்தேழடி."

"முப்பது இருக்கணுமே," என்றார் க்ளைவ். வருடத்துக்கு ஒரு தடவை வாசலில் நின்றபடியே எல்லாத் துண்டையும் பரிசோதித்துவிடுகிற மனிதர் அவர். "எல்லாமே முப்பதுக்குத் தொண்ணூறு. பழைய வரைபடம் ஆபீஸ் அறையில எங்கயோ இருக்கு. தேடணும்."

"தேட வேணாம்," என்றாள் ஐரீன். "அந்தக் காலத்து ஆளுங்க எப்படி அளந்தாங்களோ. ஒண்டிக்கட்டை நான், இருபத்தேழு தாராளம். நீங்க போய்க் கையெழுத்துப் போடுற காகிதத்தை எடுத்துட்டு வாங்க. அதுக்குள்ள மிச்சத்தைப் பாத்துடுறேன்."

க்ளைவ் நிம்மதியாகப் போனார்.

நெவில் அங்கேயே நின்றார். தப்பித்தாயிற்று. இவள் இருபத்தேழடியை எடுத்துக்கொள்வாள், கையெழுத்துப் போடுவாள், செடி எங்கேயும் போகாது. அதோடு கதை முடிந்தது. குளிர்காலத்தில் பாதையைத் திருப்பி அனுப்ப வேண்டிய வேலைகூட இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். சந்தோஷம்தான். ஆனால் கம்பளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவரால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த ஊர் வானத்துக்குச் சொல்லிவிட்டு வரும் பழக்கம் கிடையாது. ரயில் பாதைப் பக்கத்திலிருந்து ஒரு காற்று அடித்தது. அடுத்த நிமிடம் கொட்டு மழை.

நெவிலுக்குத் திக்கென்றது. காலையில் கொஞ்சம் வெயில் படட்டும் என்று மூன்றாவது செடியின் குடையை அவரே மடக்கி வைத்திருந்தார். அவர் நிற்பது மேல்கோடி. செடி இருப்பது நடுவில். நடுவே பள்ளம், கம்பளம், முட்புதர், அறுபத்தொன்பது வயது.

"ஐயோ, காய்," என்று மட்டும் வாயில் வந்தது.

ஐரீன் திரும்பிப் பார்த்தாள். இரண்டு செடிக்குக் குடை இருக்கிறது, ஒன்றுக்கு இல்லை. அந்த ஊர்க்காரி, அதற்குமேல் அவளுக்கு விளக்கம் தேவையில்லை. ஓடினாள். பாதையைத் தாண்டி, தன் மடக்குக் குடையை விரித்து, செடிமேல் குனிந்து பிடித்தாள். அவள் முதுகெல்லாம் நனைந்தது. பிடரியிலிருந்து தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது.

நெவில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது மழையின் வேகம் குறைந்திருந்தது. அவர் குனிந்து பார்த்தார். காய் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஓரிரு சொட்டுதான் பட்டிருந்தது, வெடிக்கவில்லை.

"அடேயப்பா," என்றாள் ஐரீன், காயைப் பார்த்து, மெதுவான குரலில். "டெஸ்மண்டுக்கு இந்த வருஷம் சங்குதான்."

"நனைஞ்சிட்டீங்களேம்மா."

"நான் காய்ஞ்சிடுவேன். இது காயாது."

அவள் குடையை எடுக்கவில்லை. இலையிலிருந்து சொட்டுவது நிற்கும் வரைக்கும் எடுக்கக்கூடாது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. மற்றக் கையால் ஈரமான அட்டையை வெளியே எடுத்தாள்.

"எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணுதான் பாக்கி. என் அக்கா எழுதிக்கொடுத்தது, தோட்டம் வச்சிருந்தவ. மண்ணு மோசமா இருந்தா மாத்திக்கலாம். இதை மட்டும் நல்லா விசாரிச்சுட்டுக் கையெழுத்துப் போடுன்னு சொன்னா." படித்தாள். "பக்கத்துத் துண்டுக்காரன் எப்படி?"

வேடிக்கையாகத்தான் கேட்டாள். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடைசிக் கோட்டைப் போடத் தயாராக இருந்தாள்.

நெவில் வாயைத் திறந்தார். பத்து மாதமாக ஒவ்வொரு குறையாக, ஒன்றுவிடாமல், முகம் கோணாமல் சொல்லிவந்த வாய் அது. இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. பொய் சொல்ல வேண்டும். சின்னப் பொய். "நல்லவன்தான்" என்றால் முடிந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு நெஞ்சு மட்டுமல்ல, தொண்டை, காது, கால் எல்லாமே குறுகுறுத்தது.

"சரியில்லம்மா," என்றார்.

ஐரீன் சிரிப்பை நிறுத்தவில்லை. "ஏன், பாட்டுப் பாடுவீங்களா?"

"மூணடி திருடியிருக்கேன். நீங்க நிக்கிறது உங்க இடம். இந்தச் செடி மூணும் உங்க மண்ணுல நிக்குது. எல்லைக் கம்பி இந்தா, இந்தச் செடிக்கு அடியில இருக்கு. எனக்குத் தெரியும். நானேதான் மண்ணைப் போட்டு மூடினேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது, உடம்பு லேசாகவும் இருந்தது. ஒன்பது வருடம் சுமந்த மூட்டையை இறக்கினால் கை கொஞ்ச நேரம் தானாக மேலே போகுமே, அப்படி.

ஐரீன் அவரைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். தன் முதுகிலிருந்து வடியும் தண்ணீரை நினைத்திருப்பாள். "அப்ப நான் என் காய்க்குத்தான் குடை பிடிச்சிருக்கேன்," என்றாள் கடைசியில்.

க்ளைவ் காகிதத்தோடு வந்தார். நெவில் இன்னொரு தடவை சொன்னார். முதல் தடவையைவிட இது கஷ்டமாக இருந்தது. க்ளைவ் தோட்டத்துக்குச் செயலாளர் மட்டுமல்ல, போட்டியில் தராசு பிடிப்பவரும் அவர்தான். கையை விட்டு மண்ணைத் துழாவி, துருப்பிடித்த எல்லைக் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். நாற்பது வருடச் சிநேகிதர் முகம்போல் அது இல்லை.

"யோவ் நெவில். விதி உனக்குத் தெரியும். காயைக் கொண்டுவர்றவங்க பேர்ல இருக்கிற மண்ணுல அது விளைஞ்சிருக்கணும். இதை நான் தராசுல வைக்க முடியாது."

"தெரியும்யா."

"ஏழு வருஷமா இரண்டாம் பரிசு வாங்கினதும் இந்தச் செடியிலயா?"

"மூணு வருஷம். அதைத் திருப்பிக் கொடுத்துடுறேன்."

க்ளைவ் பெருமூச்சு விட்டார். "இந்தம்மா கையெழுத்துப் போட்டா காய் இவங்களுது. இவங்க பேர்ல வைக்கலாம். போடலேன்னா ஊர் மன்றத்து மண்ணு. யாருக்கும் இல்ல. காக்கா தின்னுட்டுப் போவட்டும்."

ஐரீன் காகிதத்தை வாங்கவில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "ஒருத்தர் இத்தனை வருஷம் வளத்த செடியை வந்த அன்னிக்கே பிடுங்கிக்கிறதா? எனக்கு அது வேணாம். நான் பட்டியல் கடைசிக்கே போறேன்."

அதைக் கேட்டதும் நெவிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து மாதமாக ஆளை விரட்டியவர், இப்போது விரட்டாமலே ஒரு ஆள் போகிறாள்.

"இருங்கம்மா, இருங்க. அவசரப்படாதீங்க. இந்தக் குதிரைவால் இருக்கே, அது அவ்வளவு ஒண்ணும் மோசமில்ல. மேல மேல கிள்ளிட்டே இருந்தா அதுவே சோர்ந்துபோயிடும்."

"இடுப்பளவு வேருன்னு சொன்னீங்க."

"என் இடுப்பு கொஞ்சம் தாழ்வா இருக்கும்மா."

க்ளைவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"குழாய்?" என்றாள் ஐரீன்.

"காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, உடம்புக்கு நல்லது. இல்லேன்னா என் கொட்டகைக் கூரைத் தண்ணியெல்லாம் ஒரு பீப்பாயில பிடிச்சு உங்க பக்கம் வைக்கிறேன்."

"பனி?"

"பனியை ஒண்ணும் பண்ண முடியாது. அது உள்ளது."

"கம்பளம்?"

நெவில் கண்ணை மூடித் திறந்தார். "நான் பிச்சு எடுத்துடுறேன். முழுசும்."

ஐரீன் கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசிக்கிறாளா, அவரைத் தவிக்கவிடுகிறாளா என்று சொல்ல முடியாது. கம்பளம் விற்றவர்களுக்கு எப்போது பேசாமலிருக்க வேண்டுமென்று தெரியும். பிறகு சொன்னாள்: "இலை உதிர்ந்ததும் ரெண்டு செடியை நீங்க எடுத்துக்குங்க. மூணாவது எனக்கு. பாதை பழைய இடத்துக்குப் போகணும். சம்மதமா?"

மூன்றாவது செடி. நெவில் அதை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "சம்மதம்," என்றார்.

ஐரீன் காதுக்குப் பின்னாலிருந்த பென்சிலை எடுத்தாள். க்ளைவ் அதைத் தடுத்துப் பேனாவைக் கொடுத்தார்.

அதற்குப் பிந்திய மூன்று வாரம் அந்தக் காய்க்கு இரண்டு பேர் காவல். காலை நெவில், மாலை ஐரீன். சாஸரில் தண்ணீர் எவ்வளவு என்று சண்டைகூட வந்தது. சண்டை வந்தது நல்லதற்குத்தான். நெவில் சொன்ன அளவு சரியாக இருந்தது, அவள் கேட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, கூடத்தில் நிற்க இடமில்லை. டெஸ்மண்டின் காய் தராசில் ஏறியபோது கைதட்டினார்கள். அதன்பின் க்ளைவ் பஞ்சுப் பெட்டியிலிருந்து மஞ்சள் காயை எடுத்து வைத்தார். முள் ஆடியது, ஆடியது, நின்றது. க்ளைவ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இரண்டு நெல்மணி எடை கூட," என்றார். "முதல் பரிசு, ஐரீன். பதினாலாம் துண்டு."

கூடமே எழுந்தது. நெவில் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். ஏழு வருடமாக அந்த இடத்தில் தன் பெயர் வரும் என்று கனவு கண்டவர். வலித்தது, வலிக்கவில்லை என்றால் அவர் மனிதரே இல்லை. பலகையில் எழுதுகிறவர் அந்தப் பெயரின் முதல் எழுத்தைத் தீட்டும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"உங்க பேர் வரலயே," என்றாள் ஷீலா, மெதுவாக. கேலி இல்லை.

"காய் வந்துடுச்சில்ல," என்றார் நெவில். சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தார். அது உண்மையாகவே இருந்தது. டெஸ்மண்டின் முகத்தைப் பார்க்கக் கிடைத்தது ஒரு தனி வரும்படி.

திரும்பும்போது தூறல் போட்டது. கையில் பெட்டி இல்லை, காய் இல்லை. நெவில் குடையை விரித்து ஷீலாவின் தலைக்குமேல் பிடித்தார். அவள் வீடு வரைக்கும் மெதுவாக நடந்தாள்.

அக்டோபரில் இலை உதிர்ந்தது. நெவில் இரண்டு செடிகளை வேரோடு பெயர்த்துத் தன் பக்கம் நட்டார். அதன்பின் பாதை. நாலு நாள் பிடித்தது. நகர்த்தும்போது தெரியாத கனம், திருப்பி வைக்கும்போது ஒவ்வொரு புல்கட்டியிலும் தெரிந்தது. நாலாம் நாள் மாலை நிமிர்ந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஐரீன் தன் பக்கத்திலிருந்து நாடாவை நீட்டி, குனிந்து பார்த்தாள்.

"முப்பதடி ஓர் அங்குலம்."

"இருக்கட்டும்மா. உங்ககிட்டயே இருக்கட்டும். ஒரு அங்குலம்தானே."

"வேணாம்," என்றாள் ஐரீன். மண்வெட்டியை வாங்கி, பாதையின் நெவில் பக்க ஓரத்தைத் தானே ஓர் அங்குலம் வெட்டி, அந்தப் புல்லைத் தன் பக்கத்தில் வைத்து மிதித்தாள். "ஒரு அங்குலத்துலதானே நீங்களும் ஆரம்பிச்சீங்க."